சொதசொத... மொறுமொறு!

ராசிபுரத்து அம்மாயிக்கு வயசு 82. வாயில் ஒரு பல் கிடையாது. போன மாசம் சேலத்தில் பஸ் ஏறும்போது அவளுக்காக ஒரு தட்டுவடை செட் பார்சல் வாங்கினேன். ரெண்டு தட்டுவடை, நடுவே பீட்ரூட், கேரட், வெங்காயம், சட்னி. போய்ச் சேருவதற்குள் நன்றாக ஊறிவிடும், பொக்கை வாய்க்குத் தோதாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். (பி.காம். கணக்கு!)

பிரித்துப் பார்த்த அம்மாயி முகத்தைச் சுளித்தாள். "என்றா கண்ணு இது, சொதசொதன்னு?"

"பல்லில்லாதவங்களுக்கு இதுதானுங்களே சௌகரியம்?"

"பல்லுதான்டா போச்சு. காதுமா போச்சு?"

யோசித்தால், கிழவி சொன்னது விஞ்ஞானம் சார்! 'மொறுமொறு' சொல்லிப் பாருங்கள். 'று' வரும்போதெல்லாம் நாக்கு மேல்வாயில் தட்டுகிறது. 'கொழகொழ' சொல்லுங்கள். 'ழ'வுக்கு நாக்கு எங்கேயும் முட்டுவதில்லை, குழைந்த சாதம் மாதிரி நழுவுகிறது. பள்ளிக்கூடத்தில் இதை 'இரட்டைக்கிளவி' என்று படித்து, ரெண்டு மார்க்கோடு மறந்துவிட்டோம்.

2001-ல் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். முள் முள்ளாக ஒரு படம், வழவழவென்று ஒரு படம். எது 'கிக்கி', எது 'பூபா'? அமெரிக்க மாணவர்களும் சரி, இங்கே தமிழ் பேசுகிறவர்களும் சரி, நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முள்ளைத்தான் 'கிக்கி' என்றார்களாம்.

ஆக்ஸ்ஃபோர்டின் சார்லஸ் ஸ்பென்ஸ் 2004-ல் இன்னொரு வேலை செய்தார். உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிக்கிறவர்களுக்கு அவர்கள் கடிக்கும் சத்தத்தையே ஹெட்ஃபோனில் கூட்டிக் கொடுத்தார். அதே சிப்ஸ்தான், ஆனால் இன்னும் மொறுமொறுப்பாகத் தெரிந்ததாம். காதும் சாப்பிடுகிறது!

நாமோ ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்தால் இட்லிக்கும் 'சூப்பர்', முறுக்குக்கும் 'சூப்பர்'. சமைத்தவளுக்கு என்ன புரியும்? 'மெத்து மெத்துன்னு இருந்துச்சு' என்று சொல்லிப் பாருங்கள், மறுநாள் ரெண்டு இட்லி கூட வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை வடை தனி, சட்னி தனியாகக் கட்டிக்கொண்டு போனேன். அம்மாயி தன் வெற்றிலை உரலை நகர்த்தினாள். "இதுல போட்டு இடி கண்ணு."

மொறுக்... மொறுக்...

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சட்னி எல்லாம் அப்புறம்தான். இப்படி உடைத்துக் கலந்ததற்கு சேலத்துக் கடைகளில் 'நொறுக்கல்' என்று பேர். பேரிலேயே சத்தம் இருக்கிறது, கவனித்தீர்களா?

"இன்னொண்ணு போடு" என்றாள் அம்மாயி. முதல் வடையை இன்னும் வாயில் வைக்கவே இல்லை!