சவ்வூடு பரவலும் ஒரு பாட்டில் கலரும்

டிஸ்கி: நான் படிக்கிறது பி.காம். "பற்று வரவு எழுதுறவளுக்கு செல்லைப் பத்தி என்ன பேச்சு?"னு கேட்கிறவங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டு அப்புறமா திட்டுங்க :-)

சாயங்காலம் எங்க தெருப் பிள்ளைங்க அஞ்சாறு பேருக்கு டியூஷன் எடுக்கிறேன். அதுல எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு செம சுட்டி. "சவ்வூடு பரவல்னா என்ன?"ன்னு கேட்டா போதும், மூச்சு விடாம ஒப்பிப்பா. பரீட்சையிலயும் முழு மார்க்.

போன மாசம் அவ தம்பிக்கு, மூணு வயசு, வாந்தி பேதி. பாட்டி, "தண்ணி குடுக்காதீங்க, குடுத்தா இன்னும் போகும்"னு சொல்லிட்டாங்க. சாயங்காலம் வந்த மாமா "புள்ள தெம்பில்லாம கெடக்கு"ன்னு ஒரு பாட்டில் கலர் வாங்கி வந்து ஊத்திட்டார். ராத்திரியே ஆஸ்பத்திரி. ரெண்டு நாள் டிரிப்ஸ். புள்ள பிழைச்சு இப்போ தெருவுல ஓடுது, அது வேற விஷயம்.

அப்புறம் ஒருநாள் அவகிட்ட, "கலர் குடிச்சதும் ஏன் பேதி அதிகமாச்சு தெரியுமா? நீ படிச்ச பாடம்தான் அது"ன்னு சொன்னேன். அவ முழிச்சிட்டு, "அக்கா, அது பாடத்துல இல்லக்கா" என்றாள்.

இருக்கு மக்களே. அதுதான் அந்தப் பாடமே. சர்க்கரை மிக அதிகமா இருக்கிற திரவம் குடலுக்குள்ள போனா, உடம்புல இருக்கிற தண்ணி குடல் பக்கம் இழுபடும். பேதி கூடும். அதே சர்க்கரையை அளவா, கொஞ்சம் உப்போட சேர்த்துக் குடுத்தா நேர் எதிரா நடக்கும். குடல் சுவர் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியா உள்ளே இழுக்கும், தண்ணி பின்னாடியே போகும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோட மொத்த ரகசியமும் இவ்வளவுதான். பொட்டலம் கிடைக்கலைன்னா ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவுதான் முக்கியம். கூடக் குறைய போட்டா கெடுதல்.

1971 வங்கதேசப் போர் நேரத்தில் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா. நரம்புல ஏத்துற சலைன் தீர்ந்துபோச்சு. திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணியில கலந்து வாய்வழியாவே குடுக்க வெச்சார். நூத்துக்கு முப்பது பேர் வரை செத்துக்கிட்டிருந்த இடத்தில் அது நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022ல் காலமானார், 2023ல் பத்ம விபூஷண் குடுத்தாங்க. கோடிக்கணக்கான குழந்தைகளைக் காப்பாத்தின விஷயம், நம்ம வகுப்பறையில் ரெண்டு மார்க் "வரையறு" கேள்வியா சுருண்டு கிடக்கு. என் கோபமே அதுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். வரையறையை மனப்பாடம் பண்ணினா என்ன தப்பு? ஒண்ணு, அதுவே குழப்புது. ஒரு நோட்டுல "நீர், செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் போகும்"னு இருக்கும். இன்னொரு நோட்டுல "செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலுக்குப் போகும்"னு இருக்கும். ரெண்டுமே சரி! முதல்ல சொல்றது தண்ணியோட செறிவு, ரெண்டாவது உப்போட செறிவு. இதைப் பிரிச்சுச் சொல்லாம பிள்ளையை ஒப்பிக்கச் சொன்னா, அது எந்தப் பக்கம் அம்புக்குறி போடும்?

ரெண்டாவது, தண்ணி ஒரே பக்கமா போகுதுன்னு நெனச்சுக்கிறாங்க. சவ்வைத் தாண்டி ரெண்டு பக்கமும் எந்நேரமும் போய்க்கிட்டும் வந்துக்கிட்டும்தான் இருக்கு. வித்தியாசம் நிகரத்தில்தான். காமர்ஸ்காரிக்கு இது சட்டுன்னு புரியும். பேங்க் கணக்குல வரவும் உண்டு, செலவும் உண்டு. மாசக் கடைசியில இருப்பு கூடிச்சா குறைஞ்சுதாங்கிறதுதான் கேள்வி.

மூணாவது விரவல். வகுப்புல ஊதுபத்தி கொளுத்தி, "பார், கடைசி பெஞ்சு வரை வாசனை வருது, இதுதான் விரவல்"னு சொல்வாங்க. நானும் அப்படித்தான் படிச்சேன். உண்மையில அங்கே வாசனையைத் தூக்கிட்டு வர்றது பெரும்பாலும் காத்தோட்டம். காத்து துளிகூட அசையாத அறையில விரவல் மட்டுமே அந்த வேலையைச் செய்யணும்னா நாள் கணக்காகும். ஆனா ஒரு செல்லுக்குள்ள, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தூரத்தை, சின்ன மூலக்கூறு ஒரு நொடிக்கும் ரொம்பக் குறைவான நேரத்துல கடந்துடும். தூரம் பத்து மடங்கானா நேரம் நூறு மடங்காகும், அதான் கணக்கு. செல் ஏன் இவ்ளோ சின்னதா இருக்கு, நமக்கு ஏன் ரத்தமும் இதயமும் தேவைப்படுதுன்னு இதிலிருந்தே சொல்லிடலாம். யாராவது சொன்னாங்களா நமக்கு?

"லேப் இல்லை, நேரம் இல்லை, ஒரு வகுப்புல நாற்பது பேர்"னு ஆசிரியர்கள் சொல்வாங்க. நேரமில்லைங்கிறதை ஒத்துக்கிறேன். லேப் இல்லைங்கிறதை ஒத்துக்க மாட்டேன். ஒரு உருளைக்கிழங்கு போதும். ஒரே அளவுல ரெண்டு துண்டு வெட்டி, ஒண்ணை வெறும் தண்ணியிலயும் இன்னொண்ணை உப்புத் தண்ணியிலயும் போட்டு ஒரு மணி நேரம் விடுங்க. ஒண்ணு விறைப்பா நிக்கும், ஒண்ணு துவண்டு தொங்கும். போன வாரம் டியூஷன்ல செஞ்சேன். மொத்தச் செலவு ஒரு கிழங்கும் ஒரு கைப்பிடி உப்பும். "அக்கா, தண்ணி எங்க போச்சு?"ன்னு பிள்ளைங்களே கேட்டாங்க. அந்தக் கேள்வியை நம்ம வினாத்தாள் எதுவும் கேட்டதில்லை.

நம்ம மாவட்டத்துல உதாரணத்துக்கா பஞ்சம்? ஜெகதாப்பட்டினத்துலயும் கோட்டைப்பட்டினத்துலயும் மீனுக்கு உப்புப் போட்டுக் கருவாடு ஆக்குறாங்க. உப்பு மீனோட தண்ணியை மட்டுமில்ல, கெடுக்க வர்ற பாக்டீரியாவோட தண்ணியையும் உறிஞ்சிடுது. ஆலங்குடி பக்கத்து விவசாயிக்கு, யூரியாவை அள்ளிக் கொட்டினா பயிர் கருகும்னு தெரியும். எங்க அம்மாவுக்கு, மாங்காயில உப்பைப் போட்டு வெச்சா தானா தண்ணி விடும்னு தெரியும். வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை, யாருக்கும் புரியாத வரியா மாத்திக் குடுக்கிறதுக்குப் பேர் பாடம்!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். இதே புதுக்கோட்டையில 1991ல் அறிவொளி இயக்கம் வந்தப்போ, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முயற்சியில பெண்கள் எழுத்தோட சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. சைக்கிளின் வரையறையை ஒப்பிச்சு யாரும் மிதிக்கக் கத்துக்கலை. ஏறினாங்க, விழுந்தாங்க, ஓட்டினாங்க. மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம்னு ஒண்ணு 1972ல் 16 பள்ளிகள்ல தொடங்கினாங்க. ஆறு முதல் எட்டு வரை, பிள்ளைங்களே சோதனை செஞ்சு, புத்தகத்தைத் திறந்து வெச்சுப் பரீட்சை எழுதினாங்க. பணக்காரப் பள்ளி இல்லீங்க, கிராமத்து அரசுப் பள்ளிகள். முப்பது வருஷம் நடந்ததை 2002ல் அரசாங்கமே மூடிடுச்சு. அதனால "நம்ம ஊர்ல முடியாது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. முடிஞ்சது, நாமதான் மூடினோம்.

ஆசிரியர்களைக் குத்தம் சொல்றதா நெனைக்காதீங்க. வினாத்தாள் எதைக் கேட்குதோ அதைத்தான் அவங்களும் நடத்துவாங்க. அதனால என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான். "சவ்வூடு பரவலை வரையறு" என்ற கேள்வியைத் தூக்குங்க. அந்த இடத்துல "டிரிப்ஸ்ல ஏன் வெறும் தண்ணியை ஏத்தாம 0.9 சதவீத உப்புக் கரைசலை ஏத்துறாங்க?"ன்னு கேளுங்க. வெறும் தண்ணியை ஏத்தினா ரத்தச் சிவப்பணு ஊதி வெடிக்கும்னு எழுதற பிள்ளை, வரையறை தெரியாமலா எழுதும்?

நான் பத்தாவது முடிச்சு காமர்ஸ் எடுத்ததுக்குக் காரணம் கணக்குப்பதிவியல் மேல காதல் இல்லை. அறிவியல்னா மனப்பாடம்னு நெனச்சு பயந்து ஓடி வந்தவ நான். வருத்தமில்லை, ஆனா அந்த பயத்தை எனக்கு யாரோ தேவையில்லாம குடுத்துட்டாங்க.

அந்தப் பொண்ணு இப்போ நோட்டோட கடைசிப் பக்கத்துல "ஆறு சர்க்கரை, அரை உப்பு, ஒரு லிட்டர்"னு எழுதி வெச்சிருக்கா. கீழே ஒரு செல் படம், அம்புக்குறி சரியான பக்கம். மார்க் இல்லாத கேள்விக்கு அவ எழுதின முதல் பதில்.