நரி வைத்த விருந்து

மதுரையில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு என்மேல் கோபம். கணினி படித்த பிள்ளைகள் வேண்டுமென்றே கோணலாகச் செய்து வைத்திருக்கும் சில படிவங்களைக் காட்டி அவரையும் சிரிக்க வைக்கப் பார்த்தேன். மனிதர் சிரிக்கவில்லை. "வேலையற்றவர்களின் வீண் வேலை ஐயா இது! நல்லதைச் செய்யத் தெரிந்தவன் கெட்டதைச் செய்து கைதட்டல் வாங்குவதா?" என்று ஒரு போடு போட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் ஓடவில்லை. இப்போது சொல்லுகிறேன்.

சமாசாரம் இதுதான். 2017-ஆம் ஆண்டில் கணினிக்கு நிரல் எழுதும் இளைஞர்கள் ஒரு விசித்திரப் போட்டியில் இறங்கினார்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை யார் எல்லோரையும்விட மோசமாகச் செய்வது? ஒருவர் கவண் மாதிரி இழுத்துவிடச் செய்தார். எறிந்தது எங்கே விழுகிறதோ அதுவே ஒலியின் அளவு! தொலைபேசி எண்ணை எழுதவிடாமல், "இதுவா உங்கள் எண்?" என்று கண்டபடி ஓர் எண்ணைக் காட்டிக் கேட்கும் படிவமும் வந்தது. 2019-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த பாகார் நிறுவனம் ஒரு முழு விண்ணப்பத்தையே எலிப்பொறியாக அமைத்து உலகத்துக்கு விளையாடக் கொடுத்தது. முதல் பக்கத்தில் பெரிய பச்சைப் பொத்தான். ஆசையாக அழுத்தப் போனால், அதில் எழுதியிருப்பது "இல்லை" என்று!

இந்த விகடம் புதிதுமல்ல. பிரெஞ்சு ஓவியர் ழாக் கார்ல்மான் 1969-இல் உதவாத பொருள்களுக்கென்றே ஒரு விலைப்பட்டியல் போட்டார். அதில் ஒரு காப்பிப் பாத்திரம்: கைப்பிடியும் மூக்கும் ஒரே பக்கம். ஊற்றினால் நம் கை வெந்துபோகும். ஏதென்ஸ் நகரத்துக் காதரீனா காம்ப்ரானி என்ற பெண்மணி, ஊற்றும் தண்ணீர் தனக்குள்ளேயே திரும்பி விழும் பூவாளியைச் செய்தார். அவ்வளவு தூரம் போவானேன்? கொக்கை விருந்துக்கு அழைத்துத் தட்டையான தட்டில் கஞ்சி வைத்த நரியை நமக்குத் தெரியாதா?

நண்பரே, சென்ற மாதம் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில் ஒரு சிறிய சேவை மையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே கரிசல் வாய் பிளந்து கிடந்தது. உள்ளே, எழுபது வயதுக்குக் குறையாத ஒரு பெரியவர். மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம். அதுதான் அவர் பிழைப்பு. ஏதோ உதவித் தொகைக்காக வந்திருந்தார். படிவம் அவருடைய "கடைசிப் பெயர்" என்ன என்று கேட்டது. நம் ஜனங்களுக்கு ஏது கடைசிப் பெயர்? தகப்பன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டால் "ஓர் எழுத்து போதாது" என்கிறது. பையன் எப்படியோ அதைச் சமாளித்தான். பிறகு கைரேகை.

"தாத்தா, விரலை நல்லாத் துடைச்சிட்டு வைங்க."

துடைத்தார். வைத்தார். இன்னொரு விரல். இன்னொரு கை. அரிவாளும் கரியும் தேய்த்த விரல்களில் கருவிக்குப் பிடிபட ரேகை மிச்சமில்லை. அடுத்த வழி, கைப்பேசிக்கு வரும் ரகசிய எண். அது மகனுடைய கைப்பேசிக்குப் போயிற்று. மகனோ திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வேலை நேரத்தில் கைப்பேசி பெட்டிக்குள். எண் திருப்பூருக்குப் போய், கேட்பாரற்றுக் கிடந்து, பத்து நிமிஷத்தில் செத்தும் போயிற்று.

போட்டிக்கு அனுப்பியிருந்தால் முதல் பரிசு இதற்குத்தான். ஆனால் அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியவர், "படிக்காத முண்டம், நமக்கு எங்கே இதெல்லாம்" என்று தம்மையே நொந்துகொண்டார்.

இந்த இடத்தில்தான் உங்களோடு எனக்குச் சண்டை. பச்சைப் பொத்தானைக் கண்டு சிரிக்கிறவன் ஒரு கணமாவது தன்னை முட்டாள் என்று நினைக்கிறானா? இல்லை. "எவனடா இதைச் செய்தவன்?" என்று கேட்கிறான். கை தானாக எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்தவனால்தான் அதை அவ்வளவு கச்சிதமாக ஏமாற்ற முடியும். அப்படியானால், மோசமான படிவம் விதியல்ல. ஒருவர் செய்தது, அல்லது ஒருவர் பார்க்காமல் விட்டது. நரியின் விருந்தில் கொக்கின் அலகிலா குற்றம்?

அலகில் குற்றமில்லை என்பதற்கு அரசாங்கமே சாட்சி. பி.எம். கிசான் திட்டத்தில் விவசாயிக்கு ஆண்டுக்கு 6000 ரூபாய், மூன்று தவணையாக. ஆளைச் சரிபார்க்க ரகசிய எண்ணும் விரல் ரேகையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2023-இல், முகத்தைக் காட்டினாலும் போதும் என்று மூன்றாவது வழி வைத்தார்கள். அதற்காக எந்தக் கிழவருடைய விரலும் ஒரே இரவில் படித்துப் பட்டம் வாங்கிவிடவில்லை. தட்டைத்தான் மாற்றினார்கள்.

உங்கள் ஆட்சேபத்தில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளுகிறேன். விளையாடுகிறவன் அலுத்தால் திரையை மூடிவிட்டுக் காப்பி குடிக்கப் போகலாம். கரிமூட்டக்காரர் போக முடியாது. அதனாலேயே சொல்லுகிறேன், அந்த விளையாட்டை இந்த உத்தியோகஸ்தர்களுக்குக் கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும். இனி ஒரு படிவத்தை ஊருக்குள் அனுப்புமுன், அதைச் செய்தவர் கையில் சுண்ணாம்பைப் பூசி, கைப்பேசியைப் பிடுங்கித் திருப்பூருக்கு அனுப்பிவிட்டு, "இப்போது நிரப்பும், பார்க்கலாம்!" என்று உட்கார வைக்க வேண்டும்.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திப் பையனிடம் கேட்டார்:

"அடுத்த வாரம் வந்தா, இந்த மிஷினுக்கு என் கை பழகிருமா தம்பி?"