எல்.ஈ.டி எரிஞ்சா போதுமா?

டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் படிச்ச யாரை வேணும்னாலும் எழுப்பிக் கேளுங்க, நாண்ட் கேட்டோட ட்ரூத் டேபிளை அரைத்தூக்கத்துலயே ஒப்பிச்சிடுவாங்க. 'சரி, அதோட அவுட்புட்ல எவ்வளவு கரண்ட் எடுக்கலாம்?'னு கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க. மீதிப் பேர் '25 மில்லி ஆம்பியர்'ம்பாங்க. முழிக்கிறவங்களைப் பத்திக் கவலை இல்லை, தேடித் தெரிஞ்சுக்குவாங்க. இந்த 25-காரங்களுக்காகத்தான் இந்தப் பதிவு :-)

நாலு நாண்ட் கேட் இருக்கிற 74ஹெச்சி00 சிப்பையே எடுத்துக்குவோம். டேட்டாஷீட்ல 25 இருக்கறது நிஜம்தான். ஆனா எந்தத் தலைப்புக்குக் கீழே? 'அப்சல்யூட் மேக்ஸிமம் ரேட்டிங்ஸ்'. இதைத் தாண்டினா சிப் கெட்டுப்போகலாம்னு அர்த்தம். இதுவரைக்கும் ஒழுங்கா வேலை செய்யும்னு அர்த்தம் இல்லை. உத்தரவாதம் வேற பக்கத்துல இருக்கு: 4.5 வோல்ட் சப்ளை, 25 டிகிரி வெப்பநிலை, 4 மில்லி ஆம்பியர் கரண்ட். அப்போ 'ஹை' 3.98 வோல்ட்டுக்குக் குறையாது, 'லோ' 0.26 வோல்ட்டைத் தாண்டாது. அவ்வளவுதான் அவங்க குடுக்கற வாக்கு.

டவுன் பஸ்ல இத்தனை இருக்கைன்னு எழுதியிருக்கும். எத்தனை பேர் ஏறினா அச்சு முறியும்ங்கறது வேற கணக்கு. ரெண்டாவது எண்ணைப் பாத்து யாரும் டிக்கெட் கிழிக்கறதில்லை. நாம சர்க்யூட்ல அதைத்தான் செய்யறோம்.

பிரச்சினை எங்க வருதுன்னு பாருங்க. இந்தக் கேட்டுக்குள்ள கரண்டை அளந்து விடற குழாய் எதுவும் கிடையாது. இருக்கறது சின்ன டிரான்சிஸ்டர். அதுக்குக் கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ். கரண்ட் கூடக் கூட அவுட்புட் வோல்ட்டேஜ் இறங்கும். ரெசிஸ்டர் போடாம ஒரு சிவப்பு எல்.ஈ.டியை அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல சொருகினா, அது ஜோரா எரியும். ஆனா அவுட்புட் 2 வோல்ட்டுக்குப் பக்கத்துல வந்து உக்காந்துக்கும். அதே கம்பியில இருக்கற அடுத்த ஹெச்சி கேட், 4.5 வோல்ட் சப்ளையில, 3.15 வோல்ட்டாவது வந்தாத்தான் '1'னு ஒத்துக்கும்னு உறுதி. 2 வோல்ட் பூஜ்யமும் இல்லை, ஒண்ணும் இல்லை, திரிசங்கு. எல்.ஈ.டி '1'னு சொல்லும், கவுண்டர் தப்பா எண்ணும். மறுநாள் புராஜக்ட் ரிவ்யூ வச்சுக்கிட்டு, ராத்திரி முழுக்க கே-மேப்பைத் திரும்பத் திரும்பப் போடற பையன் கதி? கடைசியில 'எனக்கு லாஜிக்கே வராது'ன்னு முடிவு கட்டிடுவான். லாஜிக் சரியாத்தான் இருந்துது!

இன்னொண்ணு, மொத்தக் கணக்கு. 74ஹெச்சி04-ல ஆறு இன்வெர்ட்டர். ஒவ்வொண்ணும் 20 மில்லி ஆம்பியர், 25-க்குள்ளதானேன்னு போட்டா மொத்தம் 120. ஆனா சப்ளை பின், கிரவுண்ட் பின் ஒவ்வொண்ணுக்கும் எல்லை 50தான். இதுவும் அதே பட்டியல்ல அடுத்த வரியிலேயே இருக்கு. யார் படிக்கறா?

பழைய டிடிஎல் இன்னும் வேடிக்கை. 74எல்எஸ்00 'லோ'வில 8 மில்லி ஆம்பியர் உள்ள இழுத்துக்கும், 'ஹை'யில குடுக்கறது வெறும் 0.4. அதனாலதான் அந்தக் காலத்து சர்க்யூட்கள்ல எல்.ஈ.டியை சப்ளையிலேர்ந்து அவுட்புட்டுக்குத் தொங்க விடுவாங்க. பரீட்சைக்கு ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின 'ஃபேன்-அவுட் 10' கூட வானத்துலேர்ந்து குதிச்சதில்லை. முதல் 7400-ல ஒரு அவுட்புட் 16 மில்லி ஆம்பியர் இழுக்கும், ஒரு இன்புட் 1.6 தள்ளும். வகுத்துப் பாருங்க. 10ஐ சொல்லிக் குடுத்தவங்க இந்த வகுத்தலையும் சொல்லியிருக்கலாம்ல?

'நான் வருஷக்கணக்கா 8, 10 மில்லி ஆம்பியர் எடுக்கறேன், நல்லாத்தானே ஓடுது'ன்னு சிலர் வருவீங்க. நியாயம். அந்த அவுட்புட் எல்.ஈ.டியை மட்டும் எரிச்சா, மொத்தமும் 50-க்குள்ள இருந்தா, எனக்கு ஆட்சேபணை இல்லை. அடுத்த கேட்டையும் அதே கம்பியில மாட்டும்போதுதான் சண்டை. உங்க மேஜையில ஒரு சிப் ஓடினது, மூடின டப்பாவுக்குள்ள மே மாச வெயில்ல இன்னொரு சிப் ஓடும்ங்கறதுக்கு சாட்சி ஆகாது.

வைத்தியம் ரொம்ப சுலபம். 5 வோல்ட்ல 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டா சுமார் 3 மில்லி ஆம்பியர்தான். இப்போ வர்ற எல்.ஈ.டிக்கு அதுவே தாராளம். ரிலேவா? 70 ஓம் காயில் உள்ள 5 வோல்ட் ரிலேவுக்கு 70 மில்லி ஆம்பியர் வேணும். கேட்டைத் துன்புறுத்தாம நடுவுல ஒரு யூஎல்என்2003 வைங்க. கேட்கிட்ட ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் மட்டும் வாங்கிக்கிட்டு மீதியை அது பாத்துக்கும். காயிலுக்கான டையோடும் உள்ளயே இருக்கு.

வாத்தியார்கள் யாராவது படிச்சா ஒரே ஒரு வேண்டுகோள். போர்டுல ட்ரூத் டேபிள் போட்டு முடிச்சதும், பக்கத்துல இன்னொரு வரி எழுதுங்க: 'இந்த 1, எத்தனை மில்லி ஆம்பியர் வரைக்கும் 1?' அந்த ஒரு வரி பல பேர் தூக்கத்தைக் காப்பாத்தும்.