திரும்ப எடுக்கக்கூடிய அஸ்திவாரம் வேண்டும்

மண்ணுக்கு உயிர் உண்டு என்கிறோம். ரசாயன உரம் வேண்டாம், ஆழ உழவு வேண்டாம் என்று ஊர் ஊராகப் பேசுகிறோம். அதே நிலத்தில் ஒரு மாட்டுக் கொட்டகையோ விளைபொருள் காயவைக்கும் கூரையோ போடும்போது மட்டும் யோசிப்பதே இல்லை. ஜேசிபியைக் கூப்பிட்டு, குழி தோண்டி, மேல்மண்ணையும் அடிமண்ணையும் ஒன்றாகக் கலந்து, கான்கிரீட்டைக் கொட்டிவிடுகிறோம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு தூணுக்கு 3 அடி நீளம், 3 அடி அகலம், 1 அடி கனத்தில் கான்கிரீட் போட்டால் ஏறக்குறைய 600 கிலோ. 12 தூண் கொட்டகைக்கு 7 டன்னுக்கு மேல். அந்த மணலும் ஜல்லியும் யாரோ ஒரு விவசாயியின் ஆற்றையும் மலையையும் குடைந்து எடுத்தவை. நாளைக்குக் கொட்டகை வேண்டாம் என்றால் கூரையைப் பிரித்துவிடலாம். கான்கிரீட் நிலத்துக்குள்ளேயே கிடக்கும்.

இதற்கு மாற்று உண்டு. பொறியாளர்கள் 'ஸ்க்ரூ பைல்' என்று சொல்லும் திருகுத் தூண். ஓர் இரும்புத் தண்டு. அதன் அடியில் திருகாணி மாதிரி வளைந்த தகடு. ஜேசிபியின் கையில் ஒரு சுழற்றும் மோட்டாரை மாட்டி இதை மண்ணுக்குள் திருகி இறக்குகிறார்கள். குழி இல்லை, கான்கிரீட் இல்லை, தண்ணீர் ஊற்றி நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. மோட்டார் எவ்வளவு முறுக்கு விசை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை வைத்தே தூண் தாங்கும் எடையைக் கணிக்கலாம். வேலை முடிந்தால் எதிர்த்திசையில் திருகி வெளியே எடுத்து, வேறு இடத்தில் பயன்படுத்தலாம்.

இது நேற்று வந்த சரக்கு அல்ல. பார்வையிழந்த அயர்லாந்துப் பொறியாளர் அலெக்சாண்டர் மிட்செல் 1833-இல் காப்புரிமை பெற்றது. லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் ஆற்று முகத்துவாரத்தின் மணல்திட்டில் கலங்கரை விளக்கம் நிறுத்த 1838-இல் இதே தூண்களைத்தான் இறக்கினார்கள். நம்ம கரிசலுக்கும் இதில் வேலை இருக்கு. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி வெடிக்கும் மண்ணில் மேலோட்டமான அஸ்திவாரம் நிற்காது. திருகுத் தூணை அந்த அசைவு எட்டாத ஆழத்துக்குக் கொண்டுபோகலாம்.

குறைகளையும் சொல்லணும். பாறையும் சுக்கானும் உள்ள இடத்தில் இறங்காது. உவர் மண்ணில் இரும்பு சீக்கிரம் அரிக்கும். துத்தநாகப் பூச்சு கட்டாயம். இரும்பும் சுரங்கத்தையும் நிலக்கரியையும் தின்றுதான் வருகிறது. சின்னப் பந்தலுக்கு நம்ம தாத்தாக்கள் நட்ட கல்காலும் பனங்காலுமே போதும். அவற்றையும் தேவைப்பட்டால் பிடுங்கி எடுக்க முடிந்தது. கொள்கை ஒன்றுதான்: நிலத்தில் வைப்பதைத் திரும்ப எடுக்க முடிய வேண்டும்.

கொட்டகையைவிடப் பெரிய விஷயம் சூரிய மின்சாரம். தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் நிலங்களில் சூரியத் தகடுகள் பரவிவருகின்றன. 2019-இல் தொடங்கிய பிஎம் குசும் திட்டத்தில் விவசாயி தன் நிலத்தையே 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான மின் நிலையத்துக்குக் குத்தகைக்கு விடலாம். மின்சாரம் வாங்கும் ஒப்பந்தம் 25 வருஷம். வாடகை எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறோம். 25 வருஷம் கழித்து நிலம் எப்படித் திரும்பி வரும் என்று கேட்கிறோமா? ஏக்கர் முழுக்கக் கான்கிரீட் கட்டைகள் புதைந்த நிலத்தில் நம் பிள்ளைகள் எதை உழுவார்கள்?

எனவே குத்தகைப் பத்திரத்தில் இரண்டு வரி இருந்தே ஆகணும். ஒன்று, தகடுகளைத் தாங்கும் கால்கள் கான்கிரீட் இல்லாமல், திருகியோ அடித்தோ இறக்கியதாக இருக்க வேண்டும். இரண்டு, குத்தகை முடிந்ததும் நிறுவனமே தன் செலவில் எல்லாவற்றையும் எடுத்து, உழக்கூடிய நிலமாக ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன்பணம் கட்ட வேண்டும்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. வேளாண்மைப் பொறியியல் துறை ஏற்கெனவே மண் அள்ளும் இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. அதோடு திருகு மோட்டாரையும் மாவட்டத்துக்கு ஒன்று வைக்கட்டும். கரிசலிலும் செம்மண்ணிலும் மாதிரிக் கொட்டகை போட்டு, செலவுக் கணக்கை நம்ம முன்னாடி வைக்கட்டும்.

கையெழுத்துப் போட்ட பிறகு இதெல்லாம் கேட்க முடியாது. போடும் முன்னாடியே கேட்கணும்.