கடைத்தெருவும் ஒரு பள்ளிக்கூடம்

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பார்கள் நம் ஊர்ப் பாட்டிமார். கொல்கத்தாவுக்குப் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைக்கு வாய் இல்லாமற் போகவில்லை. சங்கத்தின் ஆண்டு விழா மேடையிலே முழங்குகிறான். நள்ளிரவு வரையில் அரசியல் வாதாடுகிறான். ஆனால், தான் குடியிருக்கும் தெருவின் மளிகைக் கடைப் படியில் நிற்கும்போது மட்டும் அவன் வாய் அடைத்துப் போகிறது. விரலால் சுட்டுகிறான், கொடுத்ததை வாங்குகிறான், கேட்ட விலையைத் தந்துவிட்டுத் தலை குனிந்து திரும்புகிறான். இந்த ஊமை வாழ்வு நமக்குத் தகாது; அதைப் போக்கும் பொறுப்பு நம் சங்கத்துக்கு உண்டு. இதைச் சொல்லவே எழுதுகிறேன்.

நான் இந்நகருக்கு வந்த புதிதில், மூத்த மாணவர் ஒருவர் அன்போடு ஒரு தாளைக் கையில் கொடுத்தார். புதியவர்களுக்கென்று கைமாறி வரும் கடைப் பட்டியல் அது. காப்பித்தூள், அப்பளம், நல்லெண்ணெய், இட்லி அரிசி, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் எங்கே கிடைக்கும் என்று அழகாக எழுதியிருந்தது. எல்லாம் லேக் மார்க்கெட்டைச் சுற்றியே இருந்தன. நான் அறை எடுத்ததோ வாடகை குறைந்த கார்டன் ரீச்சில், நகரின் தென்மேற்கு மூலையில். ஆயினும் ஒரு மாதம் அந்தத் தாளையே வேதமாகக் கொண்டேன். கால் படி உளுந்துக்கும் ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்கும் வண்டி மாறி வண்டி ஏறி லேக் மார்க்கெட் போய் வந்தேன்.

அத்தாளின் குறை ஒரு மழைக்கால நள்ளிரவில் விளங்கியது. தெருவில் கணுக்கால் அளவு நீர். அறைத்தோழருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்கவில்லை. கண் குழி விழுந்து, பேச்சுக் குழறியது. தாளை எடுத்துப் பார்த்தேன். காப்பித்தூள் கடைகள் நான்கு இருந்தன. மருந்துக்கடை ஒன்றுகூட இல்லை. கீழே ஓடினேன். வாசலில் தம் இஸ்திரி வண்டியருகே படுத்திருந்த முதியவர் விழித்துக்கொண்டார். ஒரு மாதமாக நாளைக்கு இருமுறை அவரைக் கடந்து சென்றிருக்கிறேன். ஒரு சொல் பேசியதில்லை. அன்று பாதி இந்தியிலும் பாதி சைகையிலும் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கினார். இரண்டு தெரு தள்ளி, கடைக்கு மேலேயே குடியிருந்த மருந்துக்கடைக்காரரைக் கதவைத் தட்டி எழுப்பினார். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் கிடைத்தன. விடியும்வரை வாய்வாயாக ஊட்டினோம். காலையில் மருத்துவரிடம் கொண்டுபோனோம். நண்பர் பிழைத்தார்.

1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, இந்தச் சாதாரணக் கரைசலைக் கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காக்கலாம் என்று காட்டியவர், இதே வங்க மண்ணின் மருத்துவர் திலீப் மகலநபிஸ். விஞ்ஞானம் படிக்கும் எனக்கு அந்த வரலாறு தெரிந்திருந்தது. அந்தப் பொட்டலம் என் தெருவில் எங்கே கிடைக்கும் என்பது தெரிந்திருக்கவில்லை. இதைவிட நகைப்புக்கிடமான கல்வி வேறுண்டோ?

அடுத்த நாள் முதல் நான் என் பேட்டையைப் படிக்கத் தொடங்கினேன். கார்டன் ரீச் படிக்கத்தக்க பேட்டை. ஹூக்ளி ஆற்றங்கரையில் வெள்ளைக்காரர் தோட்ட மாளிகைகள் கட்டி வாழ்ந்ததால் வந்த பெயர் அது. 1856-இல் அரசிழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா இங்கேதான் வந்து சேர்ந்தார். 1887-இல் இறக்கும் வரையில் இங்குள்ள மட்டியாபுருஜில் ஒரு சிறு லக்னோவையே வளர்த்தார். அவர் கட்டிய சிப்தைனாபாத் இமாம்பாராவில் அவர் கல்லறை இருக்கிறது. கொல்கத்தாப் பிரியாணியில் உருளைக்கிழங்கு விழுந்ததும் அவர் சமையற்கட்டில்தான் என்பர். இங்குள்ள சூரினாம் துறையிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கடல் கடந்து ஏற்றப்பட்டார்கள். நம்மை ஊருக்கு ஏற்றிச் செல்லும் கோரமண்டல் விரைவு வண்டியை இயக்கும் தென்கிழக்கு இரயில்வேக்கும் தலைமையகம் இதுவே. வந்தவர்களாலும் போனவர்களாலும் ஆன பேட்டை இது. இங்கே நாம் மட்டும் அந்நியர் என்று ஒதுங்கி நிற்க வேண்டுவதில்லை.

சரி, கடைக்கு வருவோம். முதலில் காய்கறிச் சந்தை. நம் வீட்டுக் காய்கள் இங்கே கிடைக்கா என்று புதியவர் ஏங்குகிறார். கிடைக்கின்றன, பெயர்தான் வேறு. வாழைப்பூ இங்கே 'மோச்சா'. வாழைத்தண்டு 'தோர்'. வாழைக்காய் 'காஞ்ச்கலா'. புடலங்காய் 'சிச்சிங்கே'. பீர்க்கங்காய் 'ஜிங்கே'. முருங்கைக்காய் 'சஜ்னே டாட்டா'. பனிக்காலம் முடியும் வேளையில் முருங்கைப் பூவையும் கூறு கட்டி விற்கிறார்கள். நம் அம்மாமார் அரியும் அரிவாள்மணை இங்கே 'போட்டி' என்ற பெயரோடு மீன்காரர் காலடியில் நிமிர்ந்து நிற்கிறது. அதைக் கண்ட அன்று நான் ஊருக்குப் போய்வந்தது போல் மகிழ்ந்தேன்.

இட்லிக்கு லேக் மார்க்கெட் போக வேண்டுமா? வேண்டா. மளிகைக் கடையில் 'சேத்தோ சால்' என்று கேளுங்கள், புழுங்கலரிசி தருவார்கள். 'ஆதப் சால்' என்றால் பச்சரிசி. 'பியூலிர் டால்' என்றால் தோல் நீக்கிய உளுந்து. குண்டாயுள்ள மலிவான புழுங்கலரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு. இட்லி பூவாய் வருகிறது. மார்கழி, தைக் குளிரில் மட்டும் மாவு எளிதில் பொங்காது. மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் குளிரில் சோம்பிவிடும். ஏனத்தைக் கம்பளியில் சுற்றி இன்னும் ஓர் ஆறு மணி நேரம் பொறுத்திருப்பதே மருந்து. நல்லெண்ணெய்க்கும் காப்பித்தூளுக்கும் மாதம் ஒருமுறை லேக் மார்க்கெட் போனால் போதும்.

துணிமணிக்கு இந்நகரில் இந்தப் பேட்டைக்கு நிகரில்லை. மட்டியாபுருஜ் தையற்காரரின் ஊர். 'ஓஸ்தாகர்' எனப்படும் தையல் முதலாளிகளின் பட்டறைகள் சந்துக்குச் சந்து உண்டு. வார இறுதியில் கூடும் ஹாட்டுக்கு வெளி மாநில வணிகரெல்லாம் வந்து ஆயத்த ஆடைகளை மூட்டை மூட்டையாக அள்ளிச் செல்கிறார்கள். அது மொத்த வணிகம்; ஒற்றைச் சட்டைக்குப் போனால் முகம் கொடுக்கமாட்டார்கள். நண்பர் ஆறு பேர் சேர்ந்து போனால் கதை வேறு. கிழிந்ததைத் தைக்கவும், கால்சட்டையின் இடுப்பைக் குறைக்கவும், 'பட்டன்' வைக்கவும் நல்ல கைகள் எந்தச் சந்திலும் கிடைக்கும்.

அடுப்பெரிக்க வழி? வாடகை அறைக்காரனுக்கு முகவரிச் சான்று ஏது என்று கலங்க வேண்டா. அடையாளச் சான்று ஒன்றைக் காட்டினாலே 5 கிலோ எரிவாயு உருளை தரும் ஏற்பாடு நாடெங்கும் இருக்கிறது. போக்குவரத்துக்கு, சந்தோஷ்பூர் நிலையத்தில் பஜ்பஜ் பாதை வண்டி பிடித்தால் சியால்தா. அங்கிருந்து ராஜாபஜார் அறிவியல் கல்லூரிக்கு நடந்தே போகலாம். மாலையில் மனம் சோர்ந்தால் படகுத்துறைக்குப் போய் ஆற்றைக் கடவுங்கள். எதிர்க்கரையில் 1787-இல் தோன்றிய தாவரவியல் தோட்டமும் அதன் பேராலமரமும் உள்ளன.

ஒன்றில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். அது வீடு. 2024 மார்ச் 17-ஆம் நாள் நள்ளிரவில் இப்பேட்டையில், அனுமதியின்றி எழும்பிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் பக்கத்துக் குடிசைகளின் மேல் இடிந்து விழுந்தது; பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எனவே வாடகை எவ்வளவு என்று கேட்குமுன், மாநகராட்சி அனுமதித்த வரைபடம் உண்டா என்று கேளுங்கள். தூண் வெடித்திருக்கிறதா, சுவர் அடுத்த வீட்டின் மேல் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அக்கம்பக்கத்தாரிடம் விசாரியுங்கள். தரகர் சொல்லாததைத் தேநீர்க் கடைக்காரர் சொல்வார். ஆனால் அவரிடம் கேட்க அவர் மொழி வேண்டும்.

"அது பொல்லாத பேட்டையாயிற்றே" என்று நம் நண்பர் சிலர் முகம் சுளிக்கிறார்கள். 1984-இல் காவல்துறைத் துணை ஆணையர் வினோத் மேத்தா இங்கே கொலையுண்டதை எடுத்துக் காட்டுகிறார்கள். அந்தக் கொடுமையை மறுப்பார் இல்லை. ஆனால் அன்று அவரோடு மாண்ட மெய்க்காவலரின் பெயர் மொக்தார் அலி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? ஒரு பேட்டையின் நாற்பதாண்டு வாழ்வை ஒரு நாளின் கொலையைக் கொண்டு அளப்பது அளவை நூலுக்கே பொருந்தாது. இரவில் எந்த நகரத்திலும் வேண்டிய எச்சரிக்கை இங்கும் வேண்டும். அதற்கு மேல் வேண்டுவது அச்சமன்று, அறிமுகம்.

"தமிழன் கடையில் வாங்கினால் தமிழன் வாழ்வானே" என்று வேறு சிலர் கேட்கிறார்கள். நன்று, வாங்குங்கள்; நானும் வாங்குகிறேன். ஆனால் தமிழன் கடை இல்லாத தெருவில் கடையே இல்லை என்று எண்ணுவது மொழிப்பற்று ஆகாது. கணியன் பூங்குன்றனார் பெயரை ஆண்டுதோறும் மேடையில் உரக்கச் சொல்லுகிறோம். மேடையை விட்டு இறங்கியதும், பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரர் பெயர் நமக்குத் தெரிவதில்லை. அவர் நம்மைத் தம் உறவாக எண்ணிவிட்டார். நாம்தான் இன்னும் எண்ணவில்லை.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பழைய தாளைக் கிழிக்க வேண்டா. அதன் பின்பக்கத்தை நிரப்புவோம். நம் மாணவர் குடியிருக்கும் பேட்டை ஒவ்வொன்றுக்கும், அங்கே ஓராண்டாவது வாழ்ந்தவர் ஒரு தாள் எழுதட்டும். அதற்கு விதி மூன்று போதும். கடைக்காரர் எந்த மொழிக்காரர் என்பதற்காக எந்தக் கடையும் பட்டியலில் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. வேலை நேர்மையாக இருந்தால் ஏறட்டும். பொருளின் பெயருக்குப் பக்கத்தில் அதை வங்காளியில் எப்படிக் கேட்பது என்று தமிழெழுத்தில் இருக்கட்டும். தாளின் முதல் வரியில் காப்பித்தூளுக்கு முன்பாக, இரவில் திறக்கும் மருந்துக்கடையும், அருகிலுள்ள மருத்துவரும், எழுப்பினால் எழுந்துவரும் ஒரு மனிதரும் இருக்கட்டும். ஆண்டுக்கொருமுறை அவற்றை நேரில் போய்ப் பார்த்துத் திருத்துவோம். மூடிய கடையின் பெயர் நள்ளிரவில் உதவாது.

புதியவர்களுக்கும் ஒரு சொல். வந்த முதல் வாரத்திலேயே நான்கு சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள்: ஆண்மகனை 'தாதா' என்றும், பெண்ணை 'தீதி' என்றும், வயதில் மூத்த அம்மையாரை 'மாஷி' என்றும், உருதுக்காரப் பெரியவரை 'சாச்சா' என்றும் அழையுங்கள். நம் ஊரில் அண்ணாச்சி, அக்கா, அத்தை, மாமா என்றழைத்து வாங்கியவர்கள்தாமே நாம்? முறை வைத்துக் கூப்பிட்டவனுக்கு எடையில் குறைப்பவர் அரியர். 'கொதோ?' என்று விலை கேளுங்கள். தவறாகச் சொன்னால் சிரிப்பார்கள், சிரித்துத் திருத்துவார்கள். கட்டணம் கேளாத ஆசிரியர்கள் அவர்கள்.

கற்றுக்கொண்டால் மட்டும் போதாது, கைம்மாறும் வேண்டும். மாத்யமிக் தேர்வுக்குப் படிக்கும் பேத்திக்குப் பௌதிகம் விளங்கவில்லை என்று சாச்சா ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். இப்போது ஞாயிறுதோறும் காலையில் ஒரு மணி நேரம் அவள் எனக்கு மாணவி. ஒளிவிலகலை நான் விளக்குகிறேன். என் வங்காளி உச்சரிப்பை அவள் திருத்துகிறாள். இருவரில் யார் மிகுதியாகக் கற்கிறோம் என்று சொல்வது அரிது.

அடுத்த கூட்டத்தில் என் பேட்டைத் தாளைக் கொண்டுவருகிறேன். நண்பர்களே, உங்கள் பேட்டைத் தாளையும் கொண்டுவாருங்கள்.