தெளிவுக்கு எத்தனை புள்ளி?

புது 4கே டீவி வந்ததும் வீட்டில் நாம் முதலில் தேடுவது சண்டைப் படம்தான். ‘ஜெமினி மேன்’ (2019) அதற்கென்றே செய்த மாதிரி. வழமையாகச் செக்கனுக்கு 24 பிரேம். இயக்குநர் ஆங் லீ இதை 120இல் எடுத்தார். 4கே டிஸ்கிலும் 60 இருக்கிறது. கார்டஹீனாத் தெருவில் நடக்கும் மோட்டார் சைக்கிள் துரத்தலில் கண்ணை எடுக்க ஏலாது.

ஆனால், தன் இளவயது குளோனோடு மோதும் வில் ஸ்மித்துக்கு என்னவாகுமோ என்ற பதற்றம் நமக்கு வரவே இல்லை.

கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறதென்று பிழையான விடைக்கு நாம் முழுப்புள்ளி போடுவோமா? துரத்தலை மட்டும் பார்த்து ரசிப்போம். முழுசாக இரண்டு மணித்தியாலம் கொடுக்கக் கதை வேண்டும். பழைய டீவியில் மங்கலாகப் பார்த்த நல்ல படங்கள் இன்னும் மனசில் நிற்கின்றனவே!