கேட்காமல் செய்தவர்கள் கண்டது என்ன?

நேச நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் எங்காவது கூடினால், மறுநாள் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு கருத்து தவறாமல் ஒலிக்கும். கைகுலுக்கல், குழுப் படம், விருந்து, யாரையும் நோகடிக்காத கூட்டறிக்கை. பாதுகாப்பு ஆலோசனை என்பது இவ்வளவுதான் என்பார்கள். பெரிய நாடு முன்பே முடிவெடுத்துவிடும், மற்றவை தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைகள். நெருக்கடி வந்தால் பேசிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. பேசியதால் ஆனதும் ஒன்றுமில்லை. வலுவுள்ளவன் எவரையும் கேட்க வேண்டியதில்லை. கூட்டறிக்கைகளின் வழவழா நடையைப் படித்தவர்களுக்கு இதெல்லாம் சரியென்றே தோன்றும். நடந்தவற்றோடு ஒப்பிட்டால் இந்த நான்கில் ஒன்றுகூடத் தேறாது.

முதலில் தலையாட்டி பொம்மை. 1977 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியின் தலைவர் ஹெல்முட் ஷ்மிட் லண்டனில் ஓர் உரை நிகழ்த்தினார். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளைப் பற்றியே பேரம் பேசுகின்றன, ஐரோப்பாவைக் குறிவைக்கும் ஆயுதங்களில் சமநிலை குலைவதைக் கவனிப்பார் இல்லை என்பது அவருடைய கவலை. சோவியத் யூனியன் அப்போதுதான் எஸ்எஸ்-20 ஏவுகணைகளை நிறுத்தத் தொடங்கியிருந்தது. பிரச்சினையைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தது வாஷிங்டன் அல்ல, மேற்கு ஜெர்மனியின் பான் நகரம். 1979 ஜனவரியில் குவாடலூப் தீவில் அமெரிக்காவின் கார்ட்டர், பிரிட்டனின் கேலகன், ஷ்மிட், பிரான்ஸின் ஜிஸ்கார் தெஸ்தேங் நால்வரும் கூடிப் பேசினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று பிரஸ்ஸல்ஸில் நேட்டோ முடிவெடுத்தது: 108 பெர்ஷிங்-2 ஏவுகணைகளும் 464 குரூயிஸ் ஏவுகணைகளும் ஐரோப்பாவில் நிறுத்தப்படும், கூடவே, அவற்றைக் குறைப்பது பற்றிப் பேச மாஸ்கோவுக்கு அழைப்பும் போகும்.

இந்த இரட்டை முடிவில் கூட்டாளிகளின் கைரேகை தெளிவாகவே பதிந்திருக்கிறது. அணு ஆயுதம் இல்லாத நாடுகளில் தாங்கள் மட்டும் ஏவுகணைகளை ஏற்கமாட்டோம், ஐரோப்பியப் பெருநிலத்தில் இன்னொரு நாடாவது ஏற்க வேண்டும் என்று ஜெர்மனி நிபந்தனை வைத்தது, இத்தாலி முன்வந்தது. ஆயுதக் குறைப்புப் பேச்சு என்ற மறுபாதி இல்லாமல் எந்த ஐரோப்பிய அரசும் தன் மக்களிடம் இந்த முடிவைக் கொண்டுபோயிருக்க முடியாது. ஜெனிவாவில் அந்த ஆயுதக் குறைப்புப் பேச்சுகள் நடந்த காலத்தில் நேட்டோவுக்குள் இதற்கென்றே ஓர் ஆலோசனைக் குழு கூடிக்கொண்டிருந்தது. 1987 ஆகஸ்டில், உடன்பாடு இழுபறியில் இருந்தபோது, ஜெர்மனியிடமிருந்த 72 பழைய பெர்ஷிங் ஏவுகணைகளையும் கைவிடத் தயார் என்று அறிவித்து முடிச்சை அவிழ்த்தவர் அப்போதைய ஜெர்மன் தலைவர் ஹெல்முட் கோல். டிசம்பர் 8 அன்று ரீகனும் கோர்பசேவும் கையெழுத்திட்டார்கள். 1991 ஜூனுக்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. பொம்மைகள் செய்யும் வேலையா இது?

சரி, அமெரிக்கா உண்மையிலேயே முடிவெடுத்துவிட்டு வந்த ஒரு விவகாரத்தைப் பார்ப்போம். இராக் போர். 2003 பிப்ரவரியில், துருக்கியின் பாதுகாப்புக்கு முன்கூட்டியே திட்டமிடுவதைக்கூட பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் மூன்றும் நேட்டோவுக்குள் தடுத்து நிறுத்தின. பிரான்ஸ் இடம்பெறாத பாதுகாப்புத் திட்டக் குழுவுக்கு விஷயத்தை மாற்றித்தான் வழி பிறந்தது. அடுத்து, மார்ச் 1 அன்று துருக்கி நாடாளுமன்றம் அமெரிக்கப் படைகளுக்குத் தன் மண்ணில் இடம் தரும் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டது. ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19; தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை. வடக்கு முனையிலிருந்து இராக்கில் நுழையவிருந்த அமெரிக்காவின் 4ஆவது காலாட்படைப் பிரிவு தன் வழியையே மாற்ற வேண்டியதாயிற்று. போர் நிற்கவில்லை, உண்மைதான். ஆனால் இவர்கள் யாரும் தலையாட்டவில்லை.

நெருக்கடியில் நேரம் இல்லை என்பவர்கள் வழக்கமாகக் காட்டும் சான்று 1962ஆம் ஆண்டின் கியூபா ஏவுகணை நெருக்கடி. அதில் பாதிதான் சரி. கென்னடி கியூபாவைக் கடலில் முற்றுகையிடும் முடிவை எடுத்த பிறகே முன்னாள் வெளியுறவு அமைச்சர் டீன் ஆச்சிசனை பாரிசுக்கு அனுப்பினார். ஆலோசிக்க வந்தீர்களா, தகவல் சொல்ல வந்தீர்களா என்று பிரெஞ்சு அதிபர் டிகால் கேட்க, தகவல் சொல்லத்தான் என்று ஆச்சிசன் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காகவாவது அவரைப் பாராட்டலாம். ஆனால் மறுநாளே, அக்டோபர் 23 அன்று, அமெரிக்க நாடுகளின் அமைப்பு கூடி 19 வாக்குகளுடன், எதிர்ப்பே இல்லாமல், முற்றுகையை ஆதரித்தது. சட்டப்படி அதற்குப் பிடிமானம் தந்தது அந்தத் தீர்மானம்தான். முற்றுகை நடைமுறைக்கு வந்தது அதற்கும் மறுநாள், 24ஆம் தேதி. சோவியத் கப்பல்களைக் கியூபாவுக்கு இன்னும் பக்கத்தில் வைத்து மறித்தால் குருஷ்சேவுக்கு யோசிக்கச் சில மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும் என்று பிரிட்டிஷ் தூதர் டேவிட் ஆர்ம்ஸ்பி-கோர் சொன்ன யோசனையைக் கென்னடி ஏற்றதாக ராபர்ட் கென்னடி தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த வாரத்திலும் பேச நேரம் இருந்திருக்கிறது.

அண்மை உதாரணமும் உண்டு. 2025 செப்டம்பர் 10 அதிகாலையில் ரஷ்ய ட்ரோன்கள் போலந்து வான்வெளிக்குள் நுழைந்தன. போலந்து அன்றே நேட்டோ உடன்படிக்கையின் 4ஆம் பிரிவின்கீழ் ஆலோசனை கோரியது. செப்டம்பர் 12 அன்று கிழக்கு எல்லைக்கான புதிய கண்காணிப்பு நடவடிக்கை அறிவிக்கப்பட்டது. இரண்டே நாள்.

இதே 4ஆம் பிரிவுதான் 'பேசி ஆனது ஒன்றுமில்லை' என்பவர்களுக்கும் விடை. அந்தப் பிரிவு யாரையும் போருக்கு அழைப்பதில்லை. ஓர் உறுப்பு நாடு தனக்கு அச்சுறுத்தல் என்று கருதினால் மற்றவர்கள் கூடிப் பேச வேண்டும், அவ்வளவே. 2012இல் சிரியாவின் போர் துருக்கி எல்லைக்குள் தெறித்தபோது அங்காரா இரண்டு முறை இந்தக் கதவைத் தட்டியது: ஜூனில் அதன் போர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபோது ஒரு முறை, அக்டோபரில் எல்லை ஊரான அக்சகாலேயில் குண்டு விழுந்து ஐந்து பேர் இறந்தபோது இன்னொரு முறை. இரண்டு தடவையும் அறிக்கைதான் வந்தது. நையாண்டி செய்தவர்களும் உண்டு. ஆனால் நவம்பரில் துருக்கி பேட்ரியட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்புகளைக் கேட்டதும், டிசம்பர் 4 அன்று ஒப்புதல் கிடைத்தது; 2013 ஜனவரியில் அமெரிக்கா, ஜெர்மனி, நெதர்லாந்து மூன்றும் அவற்றைக் கொண்டுவந்து நிறுத்தத் தொடங்கின. முந்தைய இரண்டு கூட்டங்கள் தளம் போட்டிராவிட்டால் இந்த வேகம் வந்திருக்காது.

நமக்கே ஓர் அனுபவம் இருக்கிறது. 1971 ஆகஸ்ட் 9 அன்று வெளியுறவு அமைச்சர்கள் ஸ்வரண் சிங்கும் குரோமிகோவும் கையெழுத்திட்ட இந்திய-சோவியத் உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, ஒரு தரப்புக்குத் தாக்குதலோ அச்சுறுத்தலோ வந்தால் இரு தரப்பும் உடனடியாக ஆலோசிக்க வேண்டும் என்றது. அணிசேரா நாடு இப்படிக் கையெழுத்திடலாமா என்று அன்று பலர் முகம் சுளித்தார்கள். செப்டம்பரில் இந்திரா காந்தி மாஸ்கோ போனார். அக்டோபரில் சோவியத் துணை வெளியுறவு அமைச்சர் ஃபிர்யூபின் டெல்லி வந்தார். டிசம்பரில் பாகிஸ்தானுடன் போர் மூண்டு, பாதுகாப்பு சபையில் போர்நிறுத்தத் தீர்மானங்கள் வந்தபோது சோவியத் யூனியன் மூன்று முறை ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தியது. டாக்கா வீழும்வரை இந்தியாவுக்கு வேண்டியிருந்த அவகாசம் அப்படித்தான் கிடைத்தது.

கடைசி வாதம்: வலுவுள்ளவன் கேட்க வேண்டியதில்லை. இதற்கு சூயஸைவிடக் கடுமையான பதில் இல்லை.

1956 ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அக்டோபர் இறுதியில் பாரிசுக்கு அருகில் செவ்ர் என்ற இடத்தில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் ரகசியமாகக் கூடின. இஸ்ரேல் தாக்க வேண்டும். சமாதானம் செய்கிறோம் என்ற பெயரில் மற்ற இரண்டும் உள்ளே நுழைய வேண்டும். அமெரிக்காவுக்குச் சொல்லவே இல்லை. அக்டோபர் 29 அன்று இஸ்ரேல் தாக்கியது, நவம்பர் 5 அன்று பிரிட்டிஷ், பிரெஞ்சு வீரர்கள் போர்ட் சையதில் குதித்தார்கள். களத்தில் அவர்கள் தோற்கவில்லை. ஆனால் அமெரிக்கா எதிர்த்து நின்றதும் ஸ்டெர்லிங் பவுண்டு ஆட்டம் கண்டது. பன்னாட்டு நிதியத்திடம் கைநீட்டவும் ஐசன்ஹவர் நிர்வாகம் வழிவிடவில்லை. ஒரே நாளில், நவம்பர் 6 அன்று, பிரிட்டன் போர்நிறுத்தத்துக்கு இறங்கிவந்தது. டிசம்பரில் படைகள் வெளியேறின. 1957 ஜனவரியில் பிரதமர் ஈடன் பதவி விலகினார். 1956 டிசம்பரிலேயே நார்வேயின் லாங்கே, இத்தாலியின் மார்ட்டினோ, கனடாவின் பியர்சன் மூவரும் நேட்டோவுக்குத் தந்த அறிக்கை, முடிவெடுத்தபின் தெரிவிப்பது ஆலோசனை ஆகாது, கொள்கை உருவாகும்போதே கூடிப் பேச வேண்டும் என்று வற்புறுத்தியது.

ஆலோசனை எப்போதும் நேர்மையாக நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கியூபாவிலிருந்து ஏவுகணைகள் போனதற்கு ஈடாகத் துருக்கியிலிருந்த ஜூபிடர் ஏவுகணைகளை எடுத்துவிடுவதாக கென்னடியின் தரப்பு ரகசியமாக வாக்களித்தது துருக்கியைக் கேட்காமல்தான். இது குற்றம்தான். ஆனால் கேட்கத் தவறிய குற்றம். கேட்பதன் பயனின்மைக்கு இதைச் சான்றாகக் காட்டுவது தலைகீழ் வாதம்.

2021 செப்டம்பரில் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் ஆக்கஸ் உடன்பாட்டை அறிவித்து, பிரான்ஸிடம் வாங்கவிருந்த நீர்மூழ்கிகளை ஆஸ்திரேலியா கைகழுவியபோதும் இதுதான் நடந்தது. பாரிஸ் வாஷிங்டனிலிருந்தும் கான்பெராவிலிருந்தும் தன் தூதர்களைத் திரும்ப அழைத்தது. விவகாரத்தைக் கையாண்ட விதம் சரியில்லை என்று அடுத்த மாதமே ரோமில் மக்ரோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பைடன் ஒப்புக்கொண்டார். பிரெஞ்சுக் கப்பல் கட்டும் நிறுவனத்துக்கு ஆஸ்திரேலியா இழப்பீடாகத் தர ஒப்புக்கொண்ட தொகை 55.5 கோடி யூரோ.